கோடைச் செலவு

'செலவு' என்னுஞ் சொல் பழந்தமிழில் வழிச்செல்லுதலைக் குறித்தது. இற்றை வழக்கிலோ அது கைப்பொருள் கழிதலையே பெரிதும் குறிக்கின்றது. குடும்பத்தோடு நெடுவழி போகுங்கால் இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து பொருந்துதலைக் காண்கின்றோம். கோடை விடுமுறையில் வாடகை வண்டி ஒன்றை அமர்த்திப் பாட்டி முதல் பேரக்குழந்தை ஈறாக வீட்டார் அனைவரும் பல நாள் சுற்றி வருதல் இந்நாளில் நம் சிற்றூர்களிலும் பரவிய வழக்கமாயிற்று. அச்செலவு இருபொருளினும் வீண்போகாவண்ணம் முன்னரே வகுத்துக்கொள்வது எங்ஙனம் என்பதனை, வருகின்ற கோடைக்கென எம் வீட்டார் வகுத்துள்ள திட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எம் ஊர் திருநாவலூர். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்று பிரிந்து தனியே அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், பண்ணுருட்டிக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அஃது உள்ளது. சென்னையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பெருஞ்சாலை ஊருக்கு அண்மையிற் செல்கின்றது. உளுந்தூர்ப்பேட்டையிற் பிரியும் மற்றொரு நெடுஞ்சாலை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்தை அடைகின்றது. வடமேற்கே கல்வராயன் மலை தோன்றும். ஆகவே மேற்றிசை மலைகளுக்குச் செல்ல விழைவார்க்கு எம் ஊர் வாய்ப்பான புறப்பாட்டிடமாகும்.

எம் குடும்பத்தில் இச்செலவிற்கு உரியார் பன்னிருவர். பெரியப்பா வீட்டார் நால்வர். எம் வீட்டார் நால்வர். அத்தை வீட்டார் மூவர். இவர்க்கெல்லாந் தலையாய எம் பாட்டியார் ஒருவர். எம் பக்கத்து வழக்கப்படி அவரை ஆயா என்றழைப்போம். ஆயாவுக்கு அகவை எழுபத்தெட்டு, நீரிழிவு நோயுடையார், சேலத்துக்கு மேற்கே இதுகாறுஞ் சென்றறியாதவர். இனியொரு நெடுஞ்செலவு அவர்க்கு வாய்க்குமோ என்பது ஐயத்திற்குரியது. எனவே இம்முறை செய்வதைச் செம்மையாகச் செய்தல் வேண்டும் என்பது எல்லார்க்கும் உடன்பாடாயிற்று.

திட்டம் வகுப்போர் பொதுவாகச் செய்வது யாது? காணத்தக்க இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுவர். அவற்றைக் கோடிட்டு இணைப்பர். விடுமுறை நாட்களின் தொகையால் வகுப்பர். இடங்கள் மிகுதியாகவும் நாட்கள் குறைவாகவும் இருப்பின், இரவையும் பகலாக்கி வண்டியிலேயே உறங்கிச் செல்வதென முடிவு செய்வர். எம் வீட்டிலும் முதலில் அத்தகைய பட்டியலே எழுந்தது. அதனைப் படிக்கக் கேட்ட ஆயா, பெரியப்பாவை நோக்கி, "எல்லாஞ் சரியப்பா, பொழுது சாய்ந்தால் தலை சாய்ப்பது எங்கே?" என்றார். அவ்வினா எங்கள் திட்டத்தைத் தலைகீழாக மாற்றிற்று. முதலில் இரவிடங்களைக் குறித்தல் வேண்டும்; பகலிற் காண்பன அவற்றிற்கேற்ப அமைதல் வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

இஃது எம் பாட்டியாரின் புதுக்கண்டுபிடிப்பு அன்று. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்களை நோக்கின், அவை வள்ளலைப் புகழ்வதோடு நில்லாமல், வழிநடைக்குரிய அறிவுரையாகவும் விளங்குதல் புலப்படும். சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்களை முறையே கூறி, ஒவ்வோரிடத்தும் பாணர்க்குக் கிடைக்கும் உணவு இன்னது என்று குறித்துச் செல்கின்றது. இவற்றுள் கிடங்கில் என்பது எம் பக்கத்துத் திண்டிவனத்தைச் சார்ந்தது. மலைபடுகடாமோ செங்கண்மாத்து நன்னனிடம் செல்வார்க்கு மலைவழியின் இடர்களை விரித்துரைத்து, அவற்றினின்று தப்புமாற்றையும் கற்பிக்கின்றது. சுற்றத்தையும் யாழையுஞ் சுமந்து மகளிரொடும் சிறாரொடும் நடந்த பாணர்க்கு, காட்சியினும் உண்ணும் இடமும் உறங்கும் இடமுமே முதன்மையாயின. எம் ஊரிற் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனாரைப் பற்றிப் பெரியபுராணங் கூறும் செய்திகளுள்ளும் இதனைக் காணலாம். திருவதிகைக்குப் புறத்தே சித்தவடமடத்தில் அவர் இராத் தங்கியதும், திருக்குருகாவூர் வழியில் பசித்திருந்தபோது பொதிசோறு பெற்றதும் வழிச்செல்வாரின் தேவைகளையே காட்டுவன. பிற்காலத்துச் சத்திரங்களும் அத்தேவையினின்றே எழுந்தன.

இனி, வண்டியைப் பற்றிக் கூறுவோம். மேனாட்டார் படுக்கையும் அடுக்களையும் கழிப்பறையும் உள்ளே அமைந்த ஊர்தியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்வர். நம் நாட்டில் அதனைக் 'கேரவன்' என்பர். திரைப்பட நடிகர் ஓய்வு கொள்ளும் வண்டியென்றே நம்மவர் பலரும் அதனை அறிவர். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டது. 2023-இல் வந்த தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் அதற்கு இடந்தரப்பட்டது. எனினும் அவ்வண்டி எம்மனோர்க்கு இன்னும் பொருந்துவதாயில்லை. படுக்கைகள் சிலர்க்கே போதுமானவை. பன்னிருவர்க்கு ஒன்று போதாது. நீர் நிரப்பவும், மின்சாரம் இணைக்கவும், கழிவை முறையாக அகற்றவும் தக்க நிறுத்தகங்கள் வேண்டும். அவை நம் வழிகளில் மிக அரியன. ஆகவே உட்கார்ந்து செல்ல வேனும், படுத்துறங்க விடுதியும் எனப் பிரித்துக்கொள்வதே தக்கதென யாம் துணிந்தோம்.

வேனைத் தேர்தலில் ஆட்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கை கொள்ளுதல் தவறு. பன்னிருவர்க்குப் பன்னிரண்டு இருக்கையெனின், முதியவர் காலை நீட்டவும் குழந்தை படுக்கவும் இடமிராது. மூட்டைகள் கூரைமேல் ஏறும். கூரைச்சுமை மிகின் மலை வளைவுகளில் வண்டி சாயும் இயல்பு மிகும். எனவே பதினேழு இருக்கையுடைய டெம்போ டிராவலரையே குறித்தோம். ஆளுக்கொரு பை, அதற்குமேல் இல்லை.

வாடகை முறைகள் இரண்டு. கிலோமீட்டருக்கு இவ்வளவு எனப் பேசுவது ஒன்று. இம்முறையில் வண்டி ஓடினும் ஓடாவிடினும் நாளொன்றுக்கு 250 அல்லது 300 கி.மீ. எனக் குறைந்த அளவு ஒன்றைக் கணக்கிடுவது பெருவழக்கு. நாள்வாடகை தனியாகவும் டீசல் நம் பொறுப்பாகவும் பேசுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை அறியாமையாற் பலர் இடர்ப்படுகின்றனர். எங்கள் திட்டம் 11 பகலும் 10 இரவுங் கொண்டது. மொத்த ஓட்டம் ஏறத்தாழ 1,200 கி.மீ. முதன்முறைப்படி நாளொன்றுக்கு 300 கி.மீ. எனின், 3,300 கி.மீ.க்குப் பணந்தர நேரும். ஓடாத 2,100 கி.மீ.க்கும் பணந்தருகின்றோமே என்னும் எண்ணம் பிறந்தவுடன், 'இன்னும் நான்கிடம் பார்த்துவிடலாம்' என்னும் ஆசை எழும். இரவோட்டத்திற்கு வித்து இவ்விடத்தேதான் விழுகின்றது. மெல்லச் செல்வார்க்கு நாள்வாடகையும் டீசலும் என்னும் முறையே ஏற்றது. ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், வெளிமாநில அனுமதிக் கட்டணம் ஆகியவை யார் பொறுப்பென்பதையும் புறப்படுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நலம்.

வண்டியின் எண்பலகையையும் நோக்குதல் வேண்டும். மஞ்சட்பலகையிற் கருப்பெழுத்து இருப்பின் அது வாடகைக்குரிய வண்டி. வெண்பலகை சொந்தப் பயன்பாட்டிற்குரியது. அறிமுகமானவர் வண்டி, வாடகை குறைவு என்னுங் காரணத்தால் வெண்பலகை வேனை அமர்த்துவோர் உளர். அது சட்டத்திற்கு மாறானது. விபத்து நேரின் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படவுங் கூடும். சில ஆயிரங்களை மிச்சப்படுத்தப் பன்னிருவர்க்குரிய காப்பைக் கைவிடுதல் அறிவுடைமையாகாது. தகுதிச் சான்று, அனுமதிச் சீட்டு, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகிய ஐந்தின் நாட்களையும் பார்த்துக்கொள்க.

நிற்க. எங்கள் பத்து இரவுகள் அமைந்தவாற்றைக் கூறுவோம். முதலிரண்டு இரவுகள் கல்வராயன் மலையில். அம்மலை கடல்மட்டத்திற்கு மேல் 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் நிலம். 1976 வரை ஜாகீர்தாரர் ஆட்சியில் இருந்தது. சாமை, கேழ்வரகு முதலிய புன்செய்ப் பயிர்களும் கடுக்காயும் அங்கே பெயர்பெற்றவை. வெள்ளிமலையும் கரியாலூரும் தங்குதற்குரிய ஊர்கள். விடுதிகள் சிலவே ஆதலின் முன்பதிவு இன்றியமையாதது. கோடையில் அருவிகள் மெலிந்திருக்கும். அருவியாடுதலை எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். யாம் அங்கே செல்வது பிறிதொரு காரணம் பற்றியது. அஃது எம் வீட்டிற்கு அண்மையில் உள்ளது. புறப்பட்ட முதலிரு நாட்களிலேயே யாருக்கு மலைவழி ஒவ்வாது, எம்மருந்தை மறந்தோம், வண்டியின் குறை யாது என்பன வெளிப்பட்டுவிடும். திரும்பவேண்டின் சில மணி நேரத்தில் வீடு சேரலாம். நெடுஞ்செலவின் முதலிரவுகளை வீட்டிற்கு அண்மையில் வைத்துக்கொள்ளுதல் எவர்க்கும் பயன்றரும் முறையாகும்.

மூன்றாம் நான்காம் இரவுகள் ஏற்காட்டில். சேலத்தினின்று ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு, 20 கொண்டையூசி வளைவுகள். ஐந்தாம் இரவு மேட்டுப்பாளையத்தில். ஆங்கு வெம்மை மிகுமாயினும், மறுநாட் காலையிற் களைப்பின்றி நீலகிரி ஏறுதற்கு அதுவே வாயில். ஆறாம் ஏழாம் இரவுகள் கோத்தகிரியில். உதகையின் நெரிசலைப் பகலிற் கண்டு, இரவில் அமைதியான ஊருக்கு மீள்வது கருத்து. இவ்வாறு செல்லுங்கால் உயரமும் படிப்படியாக மிகுகின்றது: கல்வராயன், பின்னர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர்ந்த ஏற்காடு, பின்னர் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உதகை. முதியோர் உடம்பு குளிருக்குப் பழக இது துணைசெய்யும். எட்டாம் ஒன்பதாம் இரவுகள் மைசூரில். பத்தாமிரவு சாமராசநகர், சத்தியமங்கலம் வழியாக வந்து பவானியில். பதினோராம் நாள் சேலம் வழியே வீடு.

இவ்வழியிற் கதவு போன்ற சில தடைகள் உள. உயர்நீதிமன்ற ஆணைப்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் 'இ-பாஸ்' பெறும் முறை 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகளும், வார இறுதியில் 8,000 வண்டிகளும் என வரம்பு கட்டப்பட்டது. இவ்விதிகள் ஆண்டுதோறும் மாறத்தக்கன. ஆதலின் விடுதிக்கு முன்பணம் கட்டுமுன் அவ்வாண்டின் விதியை அரசின் இணையத்தளத்தில் அறிதல் வேண்டும். உதகையினின்று மைசூர் செல்லக் கல்லட்டி வழி சுருக்கமானது. ஆயினும் 36 கொண்டையூசி வளைவுகளையுடைய கடுஞ்சரிவு. எனவே கூடலூர் வழியையே கொண்டோம். அப்பால் முதுமலையைக் கடந்து பந்திப்பூர்க் காட்டினூடே செல்லும் சாலை, விலங்குகளின் பொருட்டு 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகின்றது. மீளும் வழியில் 27 வளைவுகளையுடைய திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி இரவுப் போக்குவரத்து வரையறுக்கப்பட்டது. இரவிடத்தை முன்னரே குறித்தவர்க்கு இவை தடையாகா. இருட்டில் வந்து சேர்வார்க்கே இவை மூடிய கதவுகள்.

இரவோட்டத்தை யாம் இத்துணை வெறுப்பது எதனால்? விடியற்காலம் கண்ணயரும் நேரம். அந்நேரத்தில் உள்ளே உறங்குவார் அனைவருடைய உயிரும் ஒருவன் விழிப்பைப் பற்றி நிற்கின்றது. பகல் முழுதும் வளைவுகளில் ஓட்டியவன் இரவும் ஓட்டுதல் மனிதனால் இயலுவதன்று. 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை எனவும், தொடர்ந்து 5 மணிக்கு மேற்படாமல் அரை மணியேனும் ஓய்வு எனவும் வரையறை செய்தது. அவ்வளவையே எங்கள் குடும்பத்தின் சட்டமாகவும் ஏற்றுக்கொண்டோம். இன்னும் ஒன்று: நாம் கட்டிலிற் படுக்க, ஓட்டுநரோ கொசுக்கடியிடையே வண்டியிருக்கையில் முடங்கிக் கிடப்பின், மறுநாள் அவர் கண் எங்ஙனந் தெளிந்திருக்கும்? விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்க்குத் தங்குமிடம் அமைத்தல் வேண்டுமெனத் தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 2023-இல் திருத்தப்பட்டன. எனினும் எல்லா விடுதியிலும் அவ்வசதி உண்டென்று நம்புதல் ஆகாது. விடுதி பதியும்போதே அதனை வினவி, இல்லையெனின் அவர்க்கும் ஓரறை எடுத்தல் கடமை. எங்கள் கணக்கில் இரவிடம் பன்னிருவர்க்கன்று, பதின்மூவர்க்கு.

கோடையின் கொடுமைக்கேற்பப் பகலையும் பகுத்தல் வேண்டும். கத்தரி வெயில் மே மாதத்தின் முதல் வாரத்திற் தொடங்கி அம்மாத இறுதி வரை நீள்வது. காலை 5 மணிக்குப் புறப்பட்டுப் 10 மணி வரையும், மாலை 4 மணிக்கு மேல் விளக்கேற்றும் வரையும் ஓடுதல் நன்று. உச்சிப்பொழுது நிழலிற் கழிக. ஈண்டு ஒரு செய்தியை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வழியிற் கழிப்பறை கிடையாதென அஞ்சிப் பெண்டிர் பலர் பயண நாட்களில் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். மே மாத வெயிலில் அஃது உயிர்க்கே ஊறு செய்யும். எனவே இரண்டு மணிக்கொருமுறை நிறுத்தம் என்பதைத் திட்டத்தில் எழுதிவிட்டோம். யாரும் நாணிக் கேட்கவேண்டுவதில்லை. பெட்ரோல் நிலையங்களிற் கழிப்பறையும் குடிநீரும் மக்கட்குத் தரப்படல் வேண்டுமென்பது விதி, தயங்காது பயன்படுத்துக.

உணவு பற்றிச் சில கூறுவோம். முதல் நாட்குக் கட்டுச்சோறே சிறந்தது. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு வெம்மையிலும் ஒரு நாள் கெடாது நிற்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்டலியும் அத்தகையதே. தேங்காய்ச் சட்டினியும் தயிர்ச்சோறும் நண்பகலிற் புளித்துவிடும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளமையால் எவர்சில்வர் குடங்களும் தட்டுகளும் கொள்க. மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்தல் நம் குடும்பங்கட்கு விருப்பமான செயல். ஆனால் அதற்காகச் சமையல் எரிவாயு உருளையை வண்டியில் ஏற்றுதல் பெரும்பிழை. 2023 ஆகஸ்டு 26-இல் மதுரையில் நின்ற சுற்றுலா இரயிற் பெட்டியொன்றில், விதிக்கு மாறாகக் கொணர்ந்த உருளையால் தீ மூண்டு ஒன்பதின்மர் மாண்டனர். அவர்கள் லக்னோவினின்று வழிபாட்டுச் சுற்றுலாவாக வந்தவர்கள். காலைத் தேநீர்க்காக மூட்டிய அடுப்பு அது. மூடிய வேனில் அவ்விடர் இன்னும் மிகுதி. காட்டுச் சாலைகளில் தீ மூட்டுதல் குற்றமுமாகும்.

மருந்துகளைப் பற்றி: ஆயாவின் இன்சுலின் வெயிலில் நிற்கும் வண்டியிற் கெட்டுவிடும், பனிக்கட்டியை நேரே தொட்டு உறைந்தாலும் பயன்படாது. ஆதலின் துணியிற் சுற்றிக் குளிர்க்குடுவையில் வைத்து, இறங்குந்தோறும் கையோடு கொண்டுசெல்லும் பொறுப்பு எம்பால் விடப்பட்டது. மலை வளைவுகளிற் குமட்டல் கொள்வோர் முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவை நோக்குக. வெறும்வயிறும் நிறைவயிறும் இரண்டுந் தீது. கல்வராயன் மலையிலும் காட்டுப் பகுதிகளிலும் கைப்பேசி அலை எட்டாத இடங்கள் உண்டு; ஆகவே விடுதிகளின் எண்களைத் தாளிலும் எழுதி வைத்தல் வேண்டும். ஆம்புலன்சுக்கு 108-உம், தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033-உம் குழந்தைகளும் அறிந்திருத்தல் நலம்.

பணவரவைப் பொறுத்தமட்டில், மூன்று குடும்பமும் தலைக்கணக்கிற் பகிர்வதென்றும், சிறார்க்குப் பாதியென்றும், ஆயாவின் பங்கை மூன்று வீட்டாரும் சமமாக ஏற்பதென்றும் முடிவாயிற்று. பொதுப்பை அத்தையார் கையில். ஒவ்வோரிரவும் கணக்கெழுதிப் படிக்கப்படும். பத்தில் ஒரு பங்கு இடர்க்காலத்திற்கெனத் தொடப்படாது. உறவினர் மனக்கசப்போடு வீடு திரும்புதற்குப் பெரும்பாலுங் காரணமாவது எழுதாக் கணக்கேயாம்.

இங்ஙனம் வகுக்கப் புகின், பட்டியலிற் பாதி இடங்கள் கழிந்துபோதல் உண்மை. ஒகேனக்கலும் கொடைக்கானலும் எங்கள் தாளினின்று அடிபட்டன. சிறுவர்க்கு அது வருத்தமே. ஆயினும் பலவற்றைக் கண்ணயர்ந்து கடத்தலினும் சிலவற்றை விழித்திருந்து காண்டல் மேலன்றோ? பயணத்தின் வேகத்தை வலியார் அளவால் அன்றி, உடன்வருவோருள் மெலியார் அளவால் வகுத்தலே குடும்பம் என்னுஞ் சொல்லுக்கு ஏற்புடையது.

உடன்பயிலும் நண்பர்காள்! நம் வீடுகளில் இணையத்தள விதிகளைப் படித்தறியவும், வாடகை உடன்பாட்டை எழுதவும், தொலைவையும் நேரத்தையுங் கணக்கிடவும் வல்லவர் பெரும்பாலும் நாமே. ஆண்டுத்தேர்வு முடிந்து இல்லம் சேரும்போது இப்பணியை நீவிர் மேற்கொள்ளுங்கள். வெண்டாள் ஒன்றில் இரவுகளின் எண்ணிக்கையை முதலில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஊரும் விடுதியும் குறித்து, ஓட்டுநர்க்குரிய படுக்கையையும் அதில் சேர்த்துவிடுங்கள். அதன்பின்னர் எஞ்சிய இடத்திற் காட்சிகளை எழுதலாம்.